இடது பக்கத்துச் சத்தம்

உள்ளங்கையில் கிடக்கிறது அது, சோடா மூடியைவிடக் கொஞ்சம் பெரிய கருப்பு ரப்பர், நடுவில் ஓட்டை, ஒரு பக்கம் கிழிந்து வாயைப் பிளந்துகொண்டு, இத்தனை வருஷமும் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நீதானா என்று துளசிமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், கார் ஷெட்டின் சிமெண்டுத் தரையில், மண்ணெண்ணெய் நாற்றத்தில், சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, எதிரே ஜாக்கியின் மேல் முன்சக்கரம் கழன்ற வெள்ளைக் கார் இளிக்கிறது, இளிக்கட்டும், இளித்தவர்கள் கொஞ்சமா, டொக், டொக், பள்ளம் கண்ட இடமெல்லாம் டொக், அவள் உட்காரும் இடது பக்கத்துச் சக்கரத்திலிருந்துதான் அது வரும், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே புருஷன் சென்னியப்பன் சொல்வார், எங்க வீட்டுல ஏறுனாத்தான் இந்தச் சத்தமுங்க, பாவம், வண்டியும் எத்தன நாளைக்குத்தான் தாங்கும், அவ்வளவுதான், பின் சீட்டே சிரிப்பில் குலுங்கும், கொழுந்தனார் நாச்சிமுத்து இன்னும் ஒருபடி மேலே, அண்ணி, நீங்க எறங்கி நடந்தீங்கன்னா வண்டிக்கும் நல்லது உங்களுக்கும் நல்லதுங்க, சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். கல்யாணம், சீர், எழவு வீடு, ஒன்று பாக்கியில்லை, அதே டொக், அதே பேச்சு, அவளும் சிரித்தாள், முதலில் நிஜமாகவே சிரித்தாள், அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் ஒரு நாள், நீங்க கார்ல போங்க, நானு பஸ்ஸுல வந்துக்கறனுங்க என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், அந்தக் காரில் ஏறுவதையே விட்டாள்.

பட்டீசுவரன் கோயில் விசேஷத்துக்குப் போகிற வழியில்தான், பேரூர் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் வியர்த்து வழிந்துகொண்டு அவள் நிற்கிறாள், வெள்ளைக் கார் அவளைக் கடந்து போகிறது, இடது பக்கத்துச் சீட்டு காலி, வேகத்தடையில் ஏறி இறங்குகிறது, டொக், அடப்பாவி, நான் இல்லாமலும் அடிக்கிறதே என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள், பக்கத்தில் நின்ற பூக்காரி திரும்பிப் பார்த்தாள், பார்த்தால் பார்க்கட்டும், வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, சாமி கும்பிட்டாளோ இல்லையோ, மறுநாளே டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிட்டாள்.

மெக்கானிக்கே எல்லாம் நல்லாருக்குதுன்னு சொல்லீட்டான், நீ என்னத்தைப் பெருசாக் கிழிக்கப் போற என்றார் சென்னியப்பன், கிழிக்கறதுக்கு என்னங்க இருக்குது, அது முன்னமே கிழிஞ்சுதான் கெடக்குது என்று கீழேயிருந்து பதில் வந்தது. தையல் மிஷின் மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஏறியது, உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஸ்பானர்கள் வந்தன, சக்கரத்தைத் தாங்குகிற, அந்த ரப்பர் பொருந்தியிருந்த இரும்புக் கையைக் கழற்றி, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, கேட்டுக்கு அடித்து மிஞ்சிய கருப்புப் பெயிண்டை அடித்து, புது ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வைஸில் வைத்து அழுத்துகிறாள், செல்போனில் ஒரு மலையாளத்தான் செய்துகாட்டுகிறான், பாதி புரிகிறது, மீதியை அவளே புரிந்துகொள்கிறாள், இரும்புக் கையைத் திரும்ப மாட்டி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டாள், ஸ்பானரைச் சுற்றத் தோதாக இருந்தது, எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், இனி எவன் வாயைத் திறக்கிறான் என்று பார்க்கிறேன்.

திறந்தார்கள். காதுகுத்துக்குச் சூலூர் போகிற வழி, எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் முன் சீட்டில், பட்டுச்சேலையில், கொஞ்ச நாளாகச் சத்தமில்லாமல் ஓடின வண்டி, ஒரு பள்ளம், டொக், பின்னாலிருந்து நாச்சிமுத்து, அண்ணி வந்தாச்சு. இரண்டே வார்த்தை, கார் அதிர்ந்தது சிரிப்பில், சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அவள் கண்ணிலும் வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் புது ரப்பரும் கிழிந்து கிடக்கிறது, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி, ஏன், ஏன், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, மூன்றாம் நாள் காலையில் குளித்துவிட்டுப் பாவாடை நாடாவை மூச்சை இழுத்துப் பிடித்து இறுக்குகிறாள், குனிகிறாள், நாடா இடுப்பை அறுக்கிறது, அட முண்டமே, மூச்சை விட்டுட்டு, வயித்த அது பாட்டுக்கு விட்டுட்டுக் கட்டோணும்னு உனக்குத் தெரியாதா என்று தன்னையே வைதவள் அப்படியே நின்றாள், நாடாவின் முனை கையிலேயே இருக்கிறது, தொங்குகிற சக்கரத்தில் முறுக்கினோமே, பாரம் ஏறினதும் அந்த ரப்பர் என்ன பாடுபட்டிருக்கும்.

ஏனுங்க, வாங்க, வந்து கார்ல உக்காருங்க. எங்கே போகணும்? எங்கியும் போக வேண்டாம், நான் உக்கார்ற சீட்டுல உக்காருங்க, பாரம் வேணும். நானா? வேற ஆரு, எம்பட பாரத்தைத்தான் இத்தன வருஷம் ஊரே பாத்துதே, இன்னிக்கு உங்களுதைப் பாக்கலாம். சென்னியப்பன் பேப்பரை மடித்தார், ஏதோ சொல்ல வந்தார், அவள் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார், முன்சக்கரங்கள் மரக்கட்டைகள் மேல் நிற்கின்றன, வண்டி முழுப் பாரத்தோடு நிற்கிறது, இன்னொரு புது ரப்பர் உள்ளே இருக்கிறது, அடியில் படுத்துக்கொண்டு அவள் முறுக்குகிறாள், அசையாதீங்க, மூச்சை விட்டுட்டு உக்காருங்க, மேலேயிருந்து மெதுவாக ஒரு குரல், துளசி, முடிஞ்சுதா? முடியலீங்க, உக்காருங்க. முடிந்து வெகுநேரம் ஆகியும் அவரை அவள் இறங்கச் சொல்லவில்லை.

ஒரு மாதம் ஓட்டினார்கள், சத்தமில்லை, இன்னொரு மாதம், இல்லை, சரியென்று அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள், அவள் முன் சீட்டில், நாச்சிமுத்து பின்னால், வேகத்தடை வருகிறது, நாச்சிமுத்து சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு முன்னால் சாய்கிறார், சென்னியப்பன் பிரேக்கில் கால் வைக்கிறார், மெல்லப் போவாதீங்க, ஏத்துங்க என்கிறாள், ஏறியது, இறங்கியது, அடுத்தது, அதற்கடுத்தது, பள்ளம், மேடு, ஒன்றுமில்லை, ஏனுங்ணா, சத்தத்தையே காணோம் என்றார் நாச்சிமுத்து. கைய நீட்டுங்க தம்பி என்றாள் துளசிமணி. கோயில் திருநீறு என்று நினைத்து அவர் இடது கையை அடியில் வைத்து வலது கையைப் பவ்வியமாக நீட்டினார், அவள் பையைத் திறந்தாள், உங்க அண்ணி வந்தாச்சுங்க, புடிச்சுக்குங்க. அவர் உள்ளங்கையில் கிடக்கிறது அது, கருப்பு ரப்பர், வாயைப் பிளந்துகொண்டு, காரில் வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை, நேரமாச்சு, ஓட்டுங்க என்றாள்.