முந்தின நாள் இறங்கிய விமானம்

ஒரு விமானத்தை அது வந்து சேர்வதற்கு முந்தின நாளே தரையில் இறக்கியவன் நான். சிரிக்காதீர்கள். ராஜபாளையத்தில் வைகுண்டராஜ் என்று கேட்டுப் பாருங்கள், "அவர் சொல்றதுல பத்துக்கு ஒன்பதைத் தள்ளிருங்க" என்பார்கள். தள்ள முடியாத அந்த ஒன்று இது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏர்போர்ட்டில் முப்பத்தோரு வருஷம் நோட்டு எழுதினேன். எந்த ஏர்போர்ட் என்று சொல்ல மாட்டேன், பென்ஷன் வாங்குகிறவன். விமானம் தரையைத் தொட்டதும் டவரில் இருப்பவர்கள் விரல் அகலச் சீட்டு ஒன்றில் நேரத்தைக் கிறுக்குவார்கள். சீட்டெல்லாம் கீழே என் மேஜைக்கு வரும். பாய் மாதிரி விரிகிற நோட்டில் ஏற்றுவேன்: என்ன நம்பர், எங்கிருந்து வந்தது, எப்போது இறங்கியது, எப்போது கிளம்பியது. நான் செலவழித்த மையைச் சேர்த்து வைத்திருந்தால் எங்கள் ஊர் ஆறாம் மைல் டேம் ஒரு கோடைக்கும் வற்றியிருக்காது. என் மை காயும்வரை எந்த விமானமும் இறங்கியதாகவே கணக்கில்லை. பைலட் எல்லாம் எனக்குக் கீழேதான்.

தொண்ணூற்று நாலில் ரிட்டையராகி வந்த புதிதில், ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பீர் மைதீனைப் பார்க்கப் போனேன். பழைய சிநேகிதர். ஒரு சக்கரத்தைக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, முந்தின நாளே விமானத்தை இறக்கிய பெருமையை ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, கையில ஸ்பேனர் இருக்கு. எறிஞ்சிருவேன்."

"அட, கேளும் பாய். ஏர்போர்ட் நோட்டுக்கு லண்டன் நேரம். உலகம் பூரா அப்படித்தான். நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பிந்தி. இங்க பொங்கலன்னைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு ஒண்ணு எறங்குதுன்னு வையும், நோட்டுல போகி ராத்திரி பத்தரைன்னு எழுதுவேன். முந்தின நாளே எறக்கினேனா இல்லையா?"

பீர் மைதீன் சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணாச்சி, ஜமால் வந்தப்போ உங்களுக்கு ட்ரங்க் கால் போட்டுக் கேட்டேனே. நீங்க சொன்னது எந்த நேரம்?"

ஜமால் முகமது அவருடைய மச்சினன். மனைவி நூர்னிசாவின் ஒரே தம்பி. மஸ்கட்டில் வேலை. எண்பத்தாறு மார்ச்சில் பெற்ற அத்தாவுக்கு முடியவில்லை என்று தந்தி போய், பதறிக் கிளம்பி வந்தான். பதினாலாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அத்தா போய்விட்டார். விடிய விடிய அவன் பேரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஜமால் தெருவில் வந்து நின்றான். விடியக்காலம் நாலு மணிக்குத்தான் இறங்கினேன், கஸ்டம்ஸ் முடித்துச் செங்கோட்டை பஸ் பிடித்து வருகிறேன் என்றான். நூர்னிசா அவன் சட்டையைப் பார்த்தாள். ஒரு கசங்கல் இல்லை. லாட்ஜில் தூங்கி எழுந்து, கடைத்தெரு சுற்றிவிட்டு வந்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. பாலியெஸ்டர் கசங்காது என்று அவளுக்கு யார் சொல்வது?

மறுநாள்தான் அந்த ட்ரங்க் கால். யார் கேட்டாலும் விரலை மடக்கி ஐந்தரையைக் கூட்டித்தான் சொல்வேன். அன்றைக்கு லைன் இரைந்தது. மூன்று நிமிஷம்தான். ஊர்க்காரர் என்னிடம் கேட்கிறாரே என்ற மப்பு வேறு. நோட்டை விரித்துப் பார்த்தது பார்த்தபடி படித்தேன். "பதிமூணாந்தேதி, ராத்திரி பத்து இருபது. கல்வெட்டு மாதிரி இருக்கு பாய்."

பத்து இருபதுக்கு இறங்கியவன் விடிவதற்குள் வீட்டுக்கு வந்திருக்கலாம். அத்தா உயிரோடு இருந்திருப்பார்.

நூர்னிசா தம்பி முகத்தில் முழிக்கவில்லை. நாலாம் நாள் திரும்பிப் போனவன் அப்புறம் ஊருக்கு வரவே இல்லை. தொண்ணூற்றிரண்டில் நெஞ்சுவலி. அங்கேயே அடக்கம் பண்ணினார்கள். ஒரு பெட்டி மட்டும் வந்தது. அதைப் பரணில் ஏற்றச் சொன்னவள் இரண்டு வருஷமாக ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவனுக்காக ஒரு பாத்திஹா ஓத விடவில்லை.

எட்டு வருஷமாக எனக்கு இது தெரியாது. பீர் மைதீன் வெளியே சொல்லவில்லை, வீட்டு விஷயம்.

அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய், முந்தின நாளே இறக்கிய கதையைச் சொன்னேன். நூர்னிசா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"லண்டன் நேரமா? ஏன் அண்ணாச்சி, எங்க வீட்டுச் சேவலும் லண்டனைப் பாத்துத்தான் கூவுதா?"

"தப்பு என்னுதும்மா. அவன் நாலு மணிக்குத்தான் எறங்கினான்."

"எறந்தவனுக்காகப் பேசுதிய. நல்ல மனசு. ஆனா நீங்க எம்புட்டுப் புளுகுவியன்னு இந்த ஜில்லாவுக்கே தெரியும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிஜத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், வாங்க ஆளில்லை.

நோட்டைத் தேடி மலை தாண்டிப் போனேன். அஞ்சு வருஷத்துக்கு மேற்பட்டதை எல்லாம் எரித்தாகிவிட்டதாம். என் நாற்காலியில் இருந்த சேதுபதி, "என்ன சார், பாஸ்போர்ட்டைப் பாக்க வேண்டியதுதானே? வந்து எறங்கி வெளிய போற வழியில குத்துற முத்திரைக்கு லண்டன் எல்லாம் தெரியாது, நம்ம ஊர்த் தேதிதானே?" என்றான். முப்பத்தோரு வருஷம் அங்கேயே கிடந்தவனுக்கு அது தோன்றவில்லை.

திரும்பி வந்து சொன்னதும் நூர்னிசாவின் கை முறத்திலேயே நின்றது.

"அன்னைக்கு வாசல்ல நின்னு, 'இரு அக்கா, காட்டுதேன்'னு சட்டைப் பையில கைய விட்டான். ரூவாயத்தான் எடுக்கப் போறான்னு நெனச்சேன். 'காசு காட்டியா அத்தாவ எழுப்பப் போறே'ன்னு கதவச் சாத்திட்டேன்."

முறத்தை வைத்துவிட்டு அவளே புருஷனிடம் பரணைக் கை காட்டினாள்.

பெட்டிக்குள் இரண்டு கைலி, ஒரு தஸ்பீஹ் மணிமாலை, ஒரு காது உடைந்த மூக்குக்கண்ணாடி. அடியில், இனிச் செல்லாது என்று மூலை வெட்டிய பாஸ்போர்ட். நான் பக்கம் பக்கமாகத் தள்ளினேன். முத்திரைக்கு மேல் முத்திரை. எட்டாம் பக்கத்தில் நீல மையில் கொஞ்சம் சாய்ந்து கிடந்தது அந்த எண்பத்தாறு மார்ச் முத்திரை. நான் படிக்க வாயெடுத்தேன். "நீங்க படிக்க வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும்.

விரலை வைத்து எழுத்துக் கூட்டுவது போல் படித்தாள். "ஒண்ணு. நாலு."

இன்னொரு தடவை படித்தாள்.

"அன்னைக்கேதான் வந்திருக்கான். எறங்கினவன் எங்கயும் நிக்காமத்தான் ஓடி வந்திருக்கான்." பாஸ்போர்ட்டை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை. "நீங்க சொன்னது நெசந்தான் அண்ணாச்சி. அவன் வரதுக்கு முந்தின நாளே அவனை எறக்கித்தான் விட்டுட்டிய."