ஒரு வாரம் குப்புறப் படுக்க

என் தங்கச்சியின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எங்கள் வீட்டில் இரண்டு மணி நேரம் கூட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையின் நடுவில் என் வீட்டுக்காரரின் போன், அதன் ஸ்பீக்கரில் என் அண்ணன். எதிரே என் மகள், அவள் கையில் அவள் போன். மூலையில் டிவி, சத்தத்தைக் குறைத்திருந்தோமே தவிர அணைக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் தங்கச்சி இருக்கிற ஊரில், கடைத்தெரு பஸ் நிறுத்தத்தில் குண்டு வைத்துப் பதினோரு பேரைக் கொன்றிருந்தார்கள். அவள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. சன்னல் கண்ணாடி உடைந்ததோடு போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் நான் அந்த ஊருக்குக் கிளம்புவதாக இருந்தேன். போகலாமா கூடாதா என்பதற்குத்தான் கூட்டம்.

தங்கச்சி என்னைவிட ஒன்பது வயது இளையவள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள், அதற்காக அண்ணன் அவளை இன்னும் மன்னிக்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால் ஒரு வீட்டு மீட்டரில் எட்டும் மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாளாம், மீட்டரைத் துடைத்தாளாம், அப்புறம்தான் கோளாறு கண்ணில் என்று புரிந்ததாம். கண்ணுக்குள்ளே பின்னால் ஒட்டியிருக்க வேண்டிய சவ்வு கழன்றுவிட்டது. புதன்கிழமை ஆபரேஷன். அதைவிடப் பெரிய பாடு அதற்கு அப்புறம்தான். கண்ணுக்குள் காற்றுக் குமிழி மாதிரி ஒன்றை அடைப்பார்கள், அது மேலெழும்பிச் சவ்வை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் அவள் ஒரு வாரம் குப்புறவே கிடக்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், தூக்கம் எல்லாம் முகம் கவிழ்ந்தபடி. மணிக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம்தான் தலையைத் தூக்கலாம். மருந்து விட, ஊட்டிவிட, தூக்கத்தில் புரண்டால் திருப்பிப் போட ஓர் ஆள் வேண்டும். “அக்கா, நீ வர்றியா?” என்று கேட்டாள். இருபது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான்.

என் அண்ணன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அடுத்தவர் சாவைப் பற்றிப் பேசியே பிழைத்தவர் என்பதால் இந்த விஷயத்தில் தான் சொல்வதுதான் கடைசி வார்த்தை என்று நினைப்பு. “இங்க பாரும்மா, ஒண்ணு வெடிச்ச எடத்துல இன்னொண்ணு வெடிக்கும். அதான் அவனுங்க வழக்கம். ஒரு பதினஞ்சு நாள் போகட்டும், நெலம சரியானதும் போய்க்கலாம்” என்றார். மகள் அதே வீடியோவை நாலாவது தடவையாக ஓட்டிக் காட்டினாள். கடை வாசலில் கவிழ்ந்து கிடந்த நாற்காலிகள், புகை, ஓடுகிறவர்களின் முதுகுகள். அதற்கு எவனோ உட்கார்ந்து சோகமாகப் பின்னணி இசை சேர்த்திருந்தான். பதினோரு பேர் செத்துக் கிடக்கிறார்கள், இவனுக்கு வயலின் கேட்கிறது. வீட்டுக்காரர் அதிகம் பேசவில்லை. “போகாதே” என்றார், அவ்வளவுதான். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். பதினாலாம் மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டுக் குழிக்குள் இறங்குகிற மனுஷன். இருபத்தாறு வருஷமாக நான் ஒரு நாளாவது கூட்டம் போட்டு அவரைத் தடுத்திருப்பேனா?

இந்த மேசையில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். எல்லாருக்கும் என்மேல் பாசம். அந்தப் பாசத்தில் குப்புறப் படுக்க வேண்டியவளுக்கு மட்டும் பங்கு இல்லை. மூடி மறைப்பானேன், எனக்கும் பயம்தான். பயந்ததில் ஒன்றும் தப்பில்லை. அந்தப் பயத்துக்கு ‘யோசித்து எடுத்த முடிவு’ என்று பெயர் சூட்டி, ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி குடித்து எழுந்தோமே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. மத்தியானத்துக்குள் வீட்டுக்காரர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்.

திங்கள்கிழமை காலை வேலைக்குள் நுழைவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. பஸ் ஓடுமோ ஓடாதோ, வழியில் மறிக்கிறார்களாமே என்று சுற்றி வளைத்தேன். அவளே முடித்துவைத்தாள்.

“சரிக்கா. நீ வராதே.”

“உன்கூட யாரு இருப்பா?”

“பக்கத்து வீட்டம்மா இருக்காங்க. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத.”

ஒரு திட்டு திட்டியிருந்தால் தேவலை. ‘இவ்வளவுதானா உன் அக்கா தங்கச்சி பாசம்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் நான் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். அந்தச் ‘சரிக்கா’வை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே போனேன்.

நான் சீருடை தைக்கிற இடத்தில் துணி வெட்டுகிறவள். நீளமான மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு அட்டையை வைத்துச் சாக்பீஸால் வரைந்து, மெஷினால் ஒரே வீச்சில் அத்தனை அடுக்கையும் வெட்டுவோம். சட்டைக் கைக்கு விரிக்கும்போது ஒரு முறை உண்டு. ஓர் அடுக்கின் நல்ல பக்கம் மேலே பார்த்தால் அடுத்ததன் நல்ல பக்கம் கீழே பார்க்க வேண்டும். அப்போதுதான் ஒரே வெட்டில் இடது கையும் வலது கையும் ஜோடியாக விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம் இது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை. அன்றைக்குத் தபால்காரர்களின் சட்டை. எல்லா அடுக்கையும் நல்ல பக்கம் மேலே பார்க்க விரித்து, அட்டையைப் புரட்டாமல் வரைந்து, கரகரவென்று வெட்டித் தள்ளிவிட்டேன். எதிரே துணி பிடித்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், என் மூஞ்சியைப் பார்த்து மூடிக்கொண்டாள். நூற்றிருபது கை. அத்தனையும் இடது கை.

சூப்பர்வைசர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், இரண்டையும் தன் தோளில் வைத்துப் பார்த்தாள்.

“அக்கா, அறுபது தபால்காரங்களுக்கும் ரெண்டு பக்கமும் எடது கையா?”

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். ஐம்பத்தி நாலு வயதில், சாக்பீஸ் தூள் படிந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நூற்றிருபது கைகளுக்கு நடுவே நின்று அழுதேன். மீதிக் கைகளை அடுத்த சட்டைக் கட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்று சொல்லி அவள் என்னைக் கைகழுவுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணைப் பற்றிச் சொன்னேன். குண்டைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. “அங்க யாரு இருக்கான்னு ஆஸ்பத்திரியில கேட்டீங்களா?” என்று கேட்டாள். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

தங்கச்சி முன்பே அனுப்பியிருந்த அட்மிஷன் சீட்டில் வார்டின் போன் நம்பர் இருந்தது, கூப்பிட்டேன். ஒரு நர்ஸ் எடுத்தாள். பக்கத்து வீட்டம்மா சனிக்கிழமையே மூட்டை கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். துணைக்கு ஆள் பெயர் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தராவிட்டால் தேதி கைமாறிவிடும் என்றாள்.

“மாறினா அடுத்த தேதி எப்போங்க?”

“மூணு வாரமாவது ஆகும்மா. வெடிச்சதுல கண்ணாடி குத்தினவங்களே பதினாலு பேரு இங்க வரிசையில இருக்காங்க. அதுக்குள்ள உங்க தங்கச்சிக்கு அந்தக் கண்ணுல காப்பாத்தறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. நான் அவங்ககிட்டயே சொல்லிட்டேன். பரவால்ல, இன்னொரு கண்ணு இருக்கேங்கறாங்க.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நிலைமை சரியானதும் போகலாமாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணுவதற்கா? அந்த நர்ஸ் சனிக்கிழமையும் வேலைக்கு வந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்கிறாள், அந்தப் பஸ் நிறுத்தத்தைத் தாண்டித்தான் வந்திருப்பாள். அவளைப் போகாதே என்று சொல்ல யார் வீட்டில் கூட்டம் போட்டார்கள்? அந்த ஊரிலேயே இருக்கிறவர்களிடம் ரத்து செய்ய டிக்கெட்டே இல்லை. குண்டு வைத்தவனுக்குப் பதினோரு பேர் போதவில்லை என்று, அவன் கணக்கில் ஒரு கண்ணையும் சேர்த்துக் கொடுக்க நாங்கள் காப்பி குடித்துக்கொண்டு முடிவெடுத்திருக்கிறோம். என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். நேரே பஸ் நிலையத்துக்குப் போனேன். ஏறுவதற்கு ஆள் இல்லாததால் செவ்வாய்க்கிழமை பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம், புதன்கிழமை விடியற்காலைப் பஸ்தான் உண்டு என்றார்கள். ஆபரேஷன் முடிந்து வெளியே வருவதற்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று நர்ஸ் ஒத்துக்கொண்டாள்.

தங்கச்சிக்குச் சொன்னபோது கடைசியில் திட்டினாள். “நீ வர்ற வழியில ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பழிய நான் ஆயுசுக்கும் சுமக்கணுமா? வந்தா மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்றாள். “உன்ன யாரு முழிக்கச் சொன்னா, நீ குப்புறத்தானே கெடக்கப் போற” என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சாயங்காலம் அவர் கைகால் கழுவி வந்து உட்கார்ந்ததும் சொன்னேன். டிக்கெட்டை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“அப்போ நான் சொன்னதுக்கு ஒரு மரியாதையும் இல்ல.”

“அவ கண்ணு போயிடும்.”

“நீயே போயிட்டா?” அவர் குரல் உடைந்துவிட்டது. “காலையில எழுந்து நான் யார் மூஞ்சியப் பார்க்கறது?”

அந்த மனுஷன் என்னிடம் இப்படிப் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தேன். அதே நேரம் ஆத்திரமும் வந்தது. இதைச் சொல்ல உனக்கு ஒரு குண்டு வெடிக்க வேண்டியிருந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. “நீங்க குழிக்குள்ள எறங்கறப்போ நான் தெனமும் இதத்தானே நெனக்கறேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். புதன்கிழமை விடியலில் நான் எழுந்தபோது அவர் வேலைக்குக் கிளம்பியிருந்தார், வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னாலேயே.

பஸ்ஸில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் தன் பையை மேலே வைக்காமல் மடியில் வைத்திருந்தார். நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி என் பையைப் பார்த்தார். ஒரு பாவமும் அறியாத மனுஷனை இப்படிப் பார்க்க வைத்துவிட்டார்களே என்று மனசு கொதித்தது, ஆனாலும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. கடைசியில் அவர் பையைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். ஒன்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஊரிலும் வண்டி நின்றபோது வீட்டுக்காரரிடமிருந்து ‘எங்க?’ என்று ஒற்றை வார்த்தை வந்தது. ஊர்ப் பெயரை மட்டும் பதிலாக அனுப்பினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் அந்தக் கடைத்தெரு. உடைந்த சன்னல்களில் அட்டை ஒட்டியிருந்தார்கள். நிறுத்தத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பத்தடி தள்ளி வெயிலில் வரிசையாக நின்றார்கள், கையில் பையோடு, குழந்தையோடு, நேரமாகிவிட்டதே என்ற முகத்தோடு.

வார்டில் அவளைக் குப்புறப் போட்டிருந்தார்கள். முகத்துக்கு மட்டும் ஓட்டை விட்ட மெத்தை. பின்கழுத்தும் இரண்டாக ஒதுக்கிப் பின்னிய தலைமுடியும்தான் தெரிந்தன. ஒரு கண்ணுக்குக் கட்டு, மற்றதற்குத் தெரிவது தரை மட்டும். மூன்று வாரம் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னாராம், நர்ஸ் சொன்னாள். வழியெல்லாம் இவளிடம் போட வேண்டும் என்று ஒரு சண்டையைச் சேர்த்து வைத்திருந்தேன், ‘இன்னொரு கண்ணு இருக்கே’ என்று சொன்னவளை விடக் கூடாது என்று. தலைமாட்டில் போய்க் கட்டிலை ஒட்டி நின்றேன். என் கால்விரல்கள் அந்த ஓட்டைக்கு நேர் கீழே, அவள் பார்வை விழுகிற இடத்தில் இருந்தன.

“நகம் வெட்டக்கூட நேரமில்லயா உனக்கு?” என்று மெத்தைக்குள்ளிருந்து கேட்டாள்.

அவள் கை கட்டிலிலிருந்து மெல்ல இறங்கியது. குழாய் குத்தியிருந்த கை. காற்றில் துழாவி, என் கணுக்காலைக் கண்டுபிடித்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மீட்டர் பெட்டிகளைத் திறந்து திறந்து காய்த்துப்போன கை, பிடி வலித்தது. அவள் முதுகு குலுங்கியது. அழக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் ஓடி வந்தாள். சுவரில் மணி இரண்டே கால். தலையைத் தூக்க இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. நான் காலை அசைக்கவில்லை.