இரண்டு புட்டி

டாக்டரம்மா மேசைமேல் இரண்டு புட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரே மருந்து, ஒரே கடை. "உள்ளே படுத்திருக்கிற வெல்டருக்கு இதை யார் குடுத்தது?"

"நான்தான்" என்றாள் அவன் மனைவி. பின்னாலிருந்து மாமியாரும் அதே மூச்சில் "நான்தான்" என்றாள்.

இருவருக்கும் பேச்சு அற்றுப்போய்ப் பல வருஷம். எதற்குச் சண்டை என்பதுகூட மறந்துவிட்டது, வீம்பு மட்டும் மறக்கவில்லை. காலையில் அடுப்படி மருமகளுக்கு, மாலையில் மாமியாருக்கு. நடுவில் அந்த மனுஷன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்தக் கதைதான். யார் எதை நீட்டினாலும் மறுபேச்சில்லாமல் வாயைத் திறப்பான்.

எலும்பு வலிக்கிறது என்று அவன் முனகியபோது இருவரும் தனித்தனியே மருந்துக்கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்: "விட்டமின் டி. பழைய டானிக் மாதிரி நெனைக்காதீங்கம்மா. இது துளி வீணாகாம உடம்புல ஒட்டிக்கும். தினம் ரெண்டே சொட்டு."

இத்தனை பெரிய உடம்புக்கு ரெண்டு சொட்டு எந்த மூலைக்கு? காலையில் இவள் ஒரு ஸ்பூன் ஊற்றினாள், மாலையில் அவள் ஒரு ஸ்பூன். அவனுக்கு ஓயாத தாகம் வந்தது, வாந்தி வந்தது. சத்து போதவில்லை என்று இருவருமே இரண்டு ஸ்பூன் ஆக்கினார்கள். பாவி மனுஷன், 'அம்மாவும் குடுக்கிறாங்க' என்று ஒருதடவை சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் சண்டை வரும் என்று விழுங்கியே தொலைத்தான்.

"ரத்தத்துல கால்சியம் தாறுமாறா ஏறிடுச்சு. ரெண்டு கிட்னியும் போச்சும்மா. இனி மெஷின்தான். உடம்பு தாங்குற வரைக்கும்."

மருமகளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. கிழவிமேல் பழியைத் தூக்கிப் போடவும் வழியில்லை. பாதி இவளுடையது.

வார்டில் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், ஒரு வேளைக்குக் கால் டம்ளர் தண்ணீர்தான், கூடினால் மூச்சு முட்டும் என்று. மாத்திரை வாங்கித் திரும்பிய மருமகள் அவனுடைய வெடித்த உதட்டைப் பார்த்தாள். கால் டம்ளர் ஊற்றி எடுத்தாள். வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்தான்.

அவள் கை பாதியில் நின்றது. திரும்பினாள்.

"அத்தே, நீங்க குடுத்துட்டீங்களா?"

கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "குடுத்துட்டேம்மா. இப்பத்தான்."

அவள் டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள். அவன் வாய் திறந்தபடியே இருந்தது.