மூடக் கூடாத கறுப்புத் திரை

அக்கா ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுடைய பிசியோதெரபி மையத்துக்கு வருபவர்கள் போனிலேயே நேரம் பதிவுசெய்ய நான் ஒரு செயலி செய்திருந்தேன். பார்த்துவிட்டு அவள் சரியென்றால், வேலை போன ஐந்து மாதத்தில் எனக்கு முதல் வாடிக்கையாளர். இல்லையென்றால் திங்கள் காலை ஒன்பது மணிக்கு அத்தானின் டைல்ஸ் கடை. அங்கே நான் போடவேண்டிய நீலச் சட்டையை அத்தான் முன்கூட்டியே வாங்கி அனுப்பியும் விட்டார்.

செயலி என் லேப்டாப்புக்குள்ளேயே மூன்று கன்டெய்னர்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் மூன்று துண்டுகளாக, ஓடியது. அவற்றை மேய்க்க ஒரு சின்ன கிளஸ்டர். ஒன்று விழுந்தால் அதுவே இன்னொன்றை எழுப்பிவிடும். ஆனால் உள்ளே ஓடுவது வேறு, வெளியிலிருந்து போய்ப் பார்ப்பது வேறு. அதற்கு டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டவேண்டும். அந்தத் திரை திறந்திருக்கும்வரைதான் வழி.

பத்து பத்துக்கு வரியைத் தட்டினேன். போனில் செயலி பளிச்சென்று வந்தது. தாளில் ‘சரி’ என்று குறித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

தலை துவட்டிக்கொண்டே பார்த்தால் போனில் ஒன்றும் இல்லை. லேப்டாப்பில் மூன்று கன்டெய்னர்களும் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. கறுப்புத் திரையை மட்டும் காணோம். மறுபடி திறந்து தட்டினேன், வந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்தேன்; போயிருந்தது. நினைவகம் போதாமல் திரை தானாகச் செத்துப்போகிறது என்று தாளில் எழுதினேன். பாட்டு, படம், உலாவி எல்லாவற்றையும் நிறுத்தினேன். வைஃபை பெட்டியைப் பிடுங்கிச் செருகினேன். பத்து ஐம்பதுக்கு கிளஸ்டரையே அழித்து மறுபடி நிறுவி, வரியைத் தட்டினேன்.

அக்கா வந்து சோபாவில் உட்கார்ந்து போனில் திறந்தாள்.

“அட, வருதே! நல்லாத்தான்டா இருக்கு.”

அடுத்த பக்கத்தைத் தொட்டாள். “போச்சு.”

நான் திரும்பினேன். லேப்டாப் இருந்த மேசையை விட்டு அப்பா நகர்ந்துகொண்டிருந்தார்.

“அப்பா, அங்க என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமில்லையே. ஏதோ கறுப்பா திறந்து கிடந்துச்சு. மூடினேன்.”

“எத்தனை தடவை?”

“நீ எத்தனை தடவை திறந்துபோட்டுட்டுப் போனியோ, அத்தனை தடவை.”

அப்பா முப்பத்தொரு வருடம் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர். அங்கே ஒரு கதவு பத்து நிமிடம் திறந்து கிடந்தால் ஒரு லாரி மீன் வீண். அந்தப் பழக்கத்தில், எங்கள் வீட்டில் அலமாரிக்குள் கை இருக்கும்போதே கதவு சாத்தப்படும்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மறுபடி வரி தட்டினேன். அக்கா பக்கம் பக்கமாகப் பார்த்தாள். அப்பா கறுப்புத் திரையையே பார்த்தார். நெற்றியில் வியர்வை.

“இன்னும் எவ்வளவு நேரம்டா?”

“கொஞ்சம் பொறுங்கப்பா.”

“திறந்தேதானே கிடக்கு? அப்ப யார் வேணா உள்ள போலாமா?”

“நம்ம வைஃபைல இருக்கற யார் வேணாலும் போலாம்” என்றேன் பெருமையாக.

அப்பா தன் போனை எடுத்தார். அக்கா போனில் இருந்த முகவரியை எட்டிப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடித்தார். கண்ணாடியை ஏற்றினார்.

“மாடி வீட்டுக்காரருக்கு இடுப்பு வலியா? எங்கிட்ட முதுகுன்னுல்ல சொன்னாரு!”

சோதிப்பதற்காக அக்காவின் போன வார நோயாளிகள் நோட்டில் இருந்ததை அப்படியே ஏற்றியிருந்தேன். அக்கா அவர் போனைப் பிடுங்கினாள்.

“டேய், இதுக்குப் பூட்டே கிடையாதா?”

“அது… அடுத்த வாரம்னு வச்சிருந்தேன்.”

“என்கிட்ட வர்றவங்க இடுப்பு ஊருக்கே தெரியணுமா? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பூட்டு போடு. அப்பா முயற்சி பண்ணி உள்ள போக முடியலன்னு சொன்னா எடுத்துக்கறேன். இல்லன்னா நீலச் சட்டை.”

நாலு மணிக்குள் கடவுச்சொல் வைத்தேன். கறுப்புத் திரையே தேவைப்படாத, அக்கா தன் வீட்டிலிருந்தே திறக்கக்கூடிய நிலையான வழியையும் கிளஸ்டரில் அமைத்தேன்.

அப்பா போனும் கையுமாக உட்கார்ந்தார். என் பிறந்த நாளை அடித்தார். அம்மாவின் பெயர், பழைய கிடங்கின் பெயர், சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட ‘குண்டு’ எல்லாம் அடித்தார். குண்டு என்பதை நான்கு விதமாக அடித்தார். நான் நகம் கடித்தேன். ஆறு மணிக்கு, வீட்டுக்குப் போயிருந்த அக்காவை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார்.

“இழுத்துப் பாத்துட்டேன்மா. நல்லா சாத்தியிருக்கு.”

“சரிப்பா. எடுத்துக்கறேன்னு சொல்லுங்க அவன்கிட்ட. நான் இப்பவே ஒரு தடவை திறந்து பாக்கறேன்.”

நான் நீலச் சட்டையை அப்பாவுக்கே கொடுத்தேன். போட்டுப் பார்த்தார், கச்சிதம். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, போகிற போக்கில், செயலி ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பின் மூடியைச் சாத்திவிட்டுப் போனார்.

என் போன் அடித்தது. அக்கா.