மேஜைக் கண்ணாடிக்கு அடியில்

எங்கள் வார்டில் டாக்டர் மருந்தைக் கம்ப்யூட்டரில் எழுதுவார். நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்து, திரையில் பச்சை வந்தால்தான் நர்ஸ்கள் நாங்கள் ஊசி போடலாம். தப்பே நடக்காதாம். சொன்னவர்கள் வந்து பன்னிரண்டு கட்டிலுக்கும் அந்தக் கம்ப்யூட்டர் வண்டியை உருட்டிப் பார்க்கட்டும். நான் எல்லாப் பார்கோடையும் இன்னொரு பிரதி எடுத்து, கட்டில் எண் எழுதி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். உட்கார்ந்த இடத்திலேயே ஸ்கேன். வார்டே மெச்சியது, எனக்கும் தலைகால் புரியவில்லை.

இன்று காலை ஏழாம் கட்டில் தையல்காரம்மா ஏசி காற்று முகத்தில் அடிப்பதாகச் சொன்னார். பித்தப்பை ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடப்பவர். பாவமாக இருந்தது. ஆறாம் கட்டில் சர்க்கரை நோயாளியோடு இடம் மாற்றிவிட்டு, லேபுக்குப் போனேன்.

திரும்பியபோது, நடையின் வேகத்தால் 'புயல்' என்று நாங்கள் அழைக்கும் நர்ஸ் சிரித்தாள். "ஆறுக்கு இன்சுலின் போட்டு அரைமணி ஆச்சுடி."

"கைப்பட்டைய பாத்தியா?"

"எதுக்கு? மேஜையில ஸ்கேன் பண்ணேன், பச்சை வந்துச்சு."

கண்ணாடிக்கு அடியில் கட்டில் எண்களை நான் மாற்றியிருக்கவில்லை. ஓடினேன். தையல்காரம்மா வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை நாற்பத்தெட்டு.

டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இவங்களுக்கு எந்த மருந்தும் போகல. பட்டினியாலதான். சரியானதும் தியேட்டருக்கு அனுப்புங்க."

புயல் என் முழங்கையை அழுத்தினாள். பதிவில் எல்லாம் சுத்தம். வாயை மூடிக்கொண்டால் என் வேலை தப்பிக்கும். ஆனால் இன்சுலின் இன்னும் மணிக்கணக்கில் உள்ளே வேலை செய்யும். மயக்க மருந்தில் கிடப்பவருக்கு மறுபடி சர்க்கரை இறங்கினால், படபடக்கிறது என்று சொல்ல வாய் இருக்காது.

"டாக்டர், ஆறுக்கு எழுதின இன்சுலின் இவங்களுக்குத்தான் போச்சு."

"கம்ப்யூட்டர்ல அப்படி இல்லையே."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வாங்க, காட்டறேன்."

மேஜைக் கண்ணாடியைத் தூக்கினேன். "நான் வெச்சது. கட்டில மாத்தினதும் நான்தான்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு போனை எடுத்து ஆபரேஷனை நிறுத்தச் சொன்னார். "கால்மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பாருங்க. நீங்களே பாருங்க. மத்தத அப்புறம் பேசலாம்."

மூன்றாவது முறை பார்க்கும்போது சர்க்கரை நூறைத் தாண்டியிருந்தது. தையல்காரம்மா கண் திறந்தார். "இடம் மாத்தி விட்டீங்களே சிஸ்டர், புண்ணியமா போகும்."

அவர் கையைத் திருப்பி, பட்டையில் இருந்த பெயரை முதல்முறையாகப் படித்தேன்.