இடுப்புக்கு ஏற்ற பலகை

வீட்டைச் சூடாக்கத் தரைக்கடியில் ஓடும் சுடுதண்ணீர்க் குழாய் ஒழுகியதால், கொரியாவின் சுன்ச்சோன் நகரில் உள்ள எங்கள் வீட்டின் தரையை உடைக்க வேண்டியதாயிற்று. குழாயை மாற்றி, பூசிய சிமெண்டும் காய்ந்துவிட்டது. மேலே என்ன பலகை போடுவது என்பதில்தான் எனக்கும் என் வீட்டுக்காரர் தொக்சுவுக்கும் இழுபறி. கடை கடையாக ஏறி இறங்கிக் கால் ஓய்ந்துவிட்டது.

பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்று முட்டைக்கோஸ் நறுக்குகிறவள் நான். வீட்டுக்கு வந்ததும் தரைச் சூட்டை ஏற்றிவிட்டு, மல்லாந்து படுத்து இடுப்புக்குச் சூடு காட்டுவேன். அந்த ஒத்தடம் இல்லாவிட்டால் மறுநாள் என்னால் எழுந்து நிற்க முடியாது. இவருக்கோ தன் அண்ணன் வீட்டில் இருக்கும் தடித்த ஓக் மரப் பலகைதான் வேண்டும். புத்தாண்டுக்குச் சொந்தபந்தம் வரும்போது அண்ணனுக்குச் சளைத்தவரில்லை என்று காட்ட வேண்டுமாம்.

கடைசியாக நுழைந்த பலகைக் கடையில் கடைக்காரம்மா ஒளிக்காமல் சொன்னாள்: “முழு மரம் சூடேற நேரமாகும் ஐயா. அவசரப்பட்டு சூட்டைக் கூட்டுனா காஞ்சு சுருங்கி இடைவெளி விட்டுரும். மெத்தை கித்தை விரிச்சு வைக்கவும் கூடாது. மெல்லிசு ஒட்டுப்பலகையில அந்தத் தொல்லை கம்மி.”

“அப்ப எதுக்கு ஓக்கு? பாத்துக்கிட்டே நிக்கவா?” என்றேன்.

“ஹேரின் அம்மா, கொஞ்சம் சும்மா இரேன். அண்ணி ஒரு நாளாவது புலம்புனாங்களா?” என்றார் இவர். எங்கள் மகள் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்.

“உங்க அண்ணி முட்டைக்கோஸா நறுக்குறாங்க?”

அதற்குமேல் சண்டை போடத் தெம்பில்லை. ஒட்டுப்பலகை போட்டு, கீழே சூடும் ஏற்றி வைத்திருந்த ஒரு மூலையைக் கடைக்காரம்மா காட்டினாள்.

“படுத்துத்தான் பாருங்களேன் அக்கா.”

வெட்கப்பட்டால் இடுப்பு கேட்குமா? கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். முதுகில் சூடு ஏறியது. அப்பாடா என்று கண்ணை மூடியவள், அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது இவர் பக்கத்தில் குந்தியிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் தூங்கியதைப் பார்த்து மனம் மாறிவிட்டார் என்றே நினைத்தேன். பாவம் மனுஷன், இவரைப் போய்த் திட்டினோமே என்றிருந்தது.

“ஓக்குக்கு ஆர்டர் குடுத்துட்டேன்,” என்றார். “நீ கவலப்படாத. உனக்குன்னு நல்ல கட்டில் ஒண்ணு வாங்கிடலாம்.”

கட்டிலில் படுத்தால் தரைச் சூடு இடுப்புக்கு எப்படி எட்டும்? எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அலுப்புதான் வந்தது. மறுபடி மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்ன பண்ற? எந்திரி, கடை மூடப் போறாங்க.”

“நீங்க போங்க,” என்றேன். “உங்க ஓக்குல நீங்களே படுங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்.”