பஸ்ராவில் பார்க்க வேண்டியவை

1943ஆம் வருடம், கார்த்திகை பன்னிரண்டாம் தேதி, உச்சிவேளையில் சென்றாயன் மலையேறி ஊர் வந்து சேர்ந்தான். பட்டாளத்தில் ஒரு மாத விடுப்பு. அவனோடு பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கும் கூலிப்படையில் சேர்ந்து பஸ்ராவுக்குப் போன சின்னான் வரவில்லை. சின்னான் இறந்துவிட்டதாக ஆவணியிலேயே காகிதம் வந்திருந்தது. அதில் நாள் இருந்தது. எப்படி என்று இல்லை.

சின்னானின் மனைவி பெருமாயி அன்று மாலையே வந்தாள். சென்றாயன் அவளுக்கு அண்ணன் முறை. உள்ளே வராமல் வாசலில் நின்றாள்.

"அண்ணா, அந்த ஊருல அவரு நல்லா இருந்தாருங்களா?"

அவன் யோசிக்கவில்லை.

"நல்லா இருந்தாரு கண்ணு. ஞாயித்துக்கெழமையானா ரெண்டு பேரும் ஊர் சுத்தக் கெளம்பிருவோம்."

அவள் உட்கார்ந்தாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. மறுநாள் நாலு பேர் கேட்க வந்தார்கள். அதற்கு மறுநாள் பத்துப் பேர். பஸ்ராவில் முதலில் பார்க்க வேண்டியது மணிக்கூண்டு என்றான் சென்றாயன். அதை அடையாளம் வைத்துக்கொண்டால் வழி தவறாது. அடுத்தது கால்வாய். ஊருக்குள்ளேயே படகில் போகலாம். வெயில் ஏறியதும் கடைவீதிக்குள் நுழைந்துவிட வேண்டும். அதற்கு மேலே கூரை உண்டு. செம்பு தட்டுகிறவர்கள் ஒரு வரிசை, கம்பளம் விற்கிறவர்கள் ஒரு வரிசை. பால் ஊற்றாத டீயைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் தருவார்கள். பேரீச்சம்பழத்தைச் சாயங்காலம் வாங்க வேண்டும், காலையில் வாங்கினால் மண் ஒட்டியிருக்கும்.

எல்லா இடத்திலும் சின்னான் இருந்தான். படகில் ஏறப் பயந்தான். டீ கசக்கிறது என்று துப்பினான். கம்பளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பெருமாயி இதில் படுத்தால் எழுந்திருக்கவே மாட்டாள் என்றான்.

"ஒட்டகத்து மேல ஏறுனியாப்பா?" என்று கேட்டான் பக்கத்துக் காட்டுக்காரன் காத்தான்.

"ஏறுனேன்."

"அது ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லுச்சு. கொல்லிமலையில காத்தான்னு எனக்கு ஒரு பங்காளி இருக்கறான், சொகமான்னு கேட்டுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். பெருமாயியும் சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சென்றாயன் பஸ்ராவைப் பார்த்ததில்லை. அவர்களுடைய முகாம் ஊருக்கு வெளியே மணலில் இருந்தது. கம்பிவேலி, கூடாரம், மூட்டை. அவ்வளவுதான். இருட்டிய பிறகு தூரத்தில் விளக்குகள் தெரியும். மணிக்கூண்டையும் கடைவீதியையும் சொன்னவன் ஒரு லாரி டிரைவர், ஆற்காட்டுக்காரன். சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வான். சென்றாயனும் சின்னானும் தட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். கூலிப்படைக்கு ஊருக்குள் போக அனுமதி இல்லை.

ஏழாம் நாள் சின்னானின் தகப்பன் கருப்பண்ணன் வந்தார்.

"வெள்ளிக்கெழம கல்லு வெச்சரலாம் சாமி. நீ வந்ததும் நல்லதாப் போச்சு."

சென்றாயன் தலையாட்டினான்.

வெளியூரில் செத்தவனைக் கல் வைத்து அழைத்து வருவது அந்த ஊர் வழக்கம். வீட்டு வாசலிலிருந்து செத்த இடம் வரைக்கும் வழியில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கல். காட்டு ஓரமாக வரிசையாக வைப்பார்கள். பிறகு தகப்பன் கடைசிக் கல்லில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிட்டபடியே வீட்டுக்கு நடப்பான். செத்தவன் பின்னால் வருவான். வழியை நடந்தவன்தான் சொல்ல வேண்டும். காதால் கேட்டதைச் சொல்லக் கூடாது. ஒரு கல் தப்பினாலும் செத்தவன் அங்கேயே நின்றுவிடுவான். சென்றாயனின் சித்தப்பனைப் புளியஞ்சோலையிலிருந்து ஒன்பது கல் வைத்து அழைத்து வந்தார்கள். சென்றாயன் இதை நம்பினான்.

வெள்ளிக்கிழமை காலை. சாமை அறுத்த காடு. கருப்பண்ணன் நாலு கல் வைத்துவிட்டு நின்றார். மலை இறக்கம், காரவள்ளி, சேந்தமங்கலம், சேலம் ரயிலடி. மகனை ரயில் ஏற்றிவிட அவர் அதுவரை போயிருந்தார்.

"இதுக்கு மேல நான் அறியேன். நீ சொல்லு."

பெருமாயி மடி நிறைய ஓடைக்கல் வைத்திருந்தாள். மூன்று நாளாகப் பொறுக்கியது.

"பம்பாய்," என்றான் சென்றாயன்.

அவள் ஒரு கல்லைக் கொடுத்தாள். கருப்பண்ணன் வைத்தார்.

"கடல்."

கருப்பண்ணன் கல்லும் கையுமாக நின்றார். "கடலுக்கு எப்படிக் கல்லு வெக்கறது?"

"தண்ணி ஊத்துங்க மாமா," என்றான் காத்தான். "கடல்ல கல்லப் போட்டா முழுகிப் போயிராதா?"

"எத்தன நாளு கடலு?"

"ஒம்போது நாளுங்க."

அவர் சொம்பிலிருந்து ஒன்பது முறை ஊற்றினார். மண் உறிஞ்சிக்கொண்டது.

"துறைமுகம்."

கல்.

"எங்க கூடாரம்."

கல்.

பெருமாயி மடியில் தேடி ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தாள். மற்றவற்றைவிட உயரமாக இருந்தது.

"அடுத்தது மணிக்கூண்டுதானுங்களே."

சென்றாயன் கல்லைப் பார்த்தான். ஆமாம் என்றால் போதும். கால்வாய், கடைவீதி, காய்ச்சலில் செத்ததாகச் சொல்ல ஓர் ஆஸ்பத்திரி. இன்னும் நாலு கல்லில் முடிந்துவிடும். கருப்பண்ணன் அங்கே நின்று கூப்பிடுவார். எங்கிருந்து கூப்பிடுகிறார் என்று சின்னானுக்குத் தெரியாது.

"அது வேண்டாம் கண்ணு."

"ஏனுங்க?"

"நாங்க அதப் பாத்ததில்ல."

காத்தான் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

"படகு?" என்றாள் பெருமாயி.

"இல்ல."

"கடவீதி? அந்தக் கம்பளம்?"

"எல்லாம் லாரிக்காரன் சொன்னது. எங்கள வேலியத் தாண்ட உடல."

"ஒருக்காக்கூடவா?"

"அவரு ஒருக்காத் தாண்டுனாரு."

கருப்பண்ணன் சொம்பைக் கீழே வைத்தார்.

சென்றாயன் சொன்னான். ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சோறு தின்ற பிறகு. மேற்கே அடிவானத்தில் பழுப்பாக ஒன்று எழுந்து நின்றது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும். சேந்தமங்கலத்தில் நின்று நிமிர்ந்தால் கொல்லிமலை தெரிகிற மாதிரி. இத்தனை நாள் இல்லாதது இன்றைக்கு எப்படி வந்தது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இங்கேயும் மூடுபனி விலகினால்தானே மலை தெரியும்.

"மலை மச்சான்னாரு. மலை இருந்தா ஓடை இருக்கும், காலு நனச்சுட்டுப் பொழுதோட வந்தர்றேன்னாரு."

"நீ என்ன சொன்ன?" என்றார் கருப்பண்ணன்.

"மலைதான்னேன். எனக்கும் ஒரு சொம்புத் தண்ணி கொண்டாங்கன்னேன்."

"அப்புறம்?"

"கம்பிய நாந்தான் தூக்கிப் புடிச்சேன் மாமா."

அரை மணியில் அது வந்துவிட்டது. மலை இல்லை. மணல். வானமும் தரையும் தெரியாமல் மூன்று நாள் அடித்தது. சமவெளிக்காரன் எவனும் அதை மலை என்று நினைக்கவில்லை. பார்த்ததுமே கூடாரத்துக் கயிற்றை இழுத்துக் கட்டப் போய்விட்டார்கள். நாலாம் நாள் லாரியில் போய்த் தேடினார்கள். சின்னான் கிடைக்கவில்லை. அவனுடைய எதுவும் கிடைக்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு இறந்தான் என்று எழுதிவிட்டார்கள்.

"எந்தப் பக்கம் போனான்?"

"மேக்கங்க."

"மேக்க எவ்வளவு தூரம்?"

"தெரியலீங்க மாமா."

கருப்பண்ணன் கூடாரத்துக் கல்லருகே போய் மேற்கே பார்த்து நின்றார். அறுத்த தாள் காலடியில் நொறுங்கியது. வாயைத் திறந்தார். மகன் பெயர் வரவில்லை. சாமைத் தாளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

காத்தான் அவர் அருகே போனான். என்ன செய்வது என்று தெரியாமல் அவனும் குந்தினான்.

பெருமாயி அழவில்லை. மடியை அவிழ்த்தாள். கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவள் சென்றாயனின் முகத்தைப் பார்த்தாள். அவன் தலை குனிந்தான்.

"அண்ணா, அப்ப அவரு இன்னமும் அந்த மலையப் பாத்து நடந்துக்கிட்டுத்தான் இருக்காருங்களா?"